பிள்ளையின் சொறிக்கு இரத்தத்தைக் குறை கூறாதீர்கள்: தோலைக் காக்கும் கொழுப்புச் சுவர்

முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் தோல் தடித்து, கறுத்து, வெடித்து, இரவெல்லாம் சொறிந்து கொண்டிருக்கும் பிள்ளைகள் எமது ஊர்களில் குறைவில்லை. அப்படியொரு பிள்ளையைக் காணும் ஒவ்வொருவரிடமும் ஒரு காரணமும் ஒரு பரிகாரமும் தயாராக இருக்கும். "இது கிரந்தி, இறாலையும் கத்தரிக்காயையும் நிறுத்து" என்பார் மூத்தம்மா. "இரத்தம் கெட்டுப் போயிருக்கு, பேதிக்குக் கொடு" என்பார் பக்கத்து வீட்டு மாமி. "நல்லாத் தேய்ச்சுக் குளிக்க வைக்கிறதில்ல" என்று உம்மாவைக் குறை சொல்பவர்களும் உண்டு. கடைசியில் பாமசியில் ஒரு டியூப் வாங்கிப் பூசுவார்கள். இரண்டு வாரம் குறையும், பிறகு முன்னரை விடக் கூடும்.

இந்த யோசனைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொது நம்பிக்கை உண்டு. உடலுக்குள் ஏதோ கெட்டுவிட்டது, அது தோல் வழியாக வெளியே வருகிறது என்பதே அது. ஆனால் கடந்த நாற்பது வருட ஆய்வுகள் வேறொரு கதையைச் சொல்கின்றன. எக்ஸிமா என்று வைத்தியர்கள் அழைக்கும் இந்தத் தோல் அழற்சியில் பிரச்சினையின் பெரும் பகுதி தோலின் மிக மெல்லிய வெளிப்படையில், அதிலும் குறிப்பாக அங்குள்ள கொழுப்புகளில் இருக்கிறது.

நான் வைத்தியரல்ல, பாடசாலையில் கற்பிக்கும் ஓர் ஆசிரியர். ஆகவே இங்கு எழுதுவது வைத்திய ஆலோசனைக்கு மாற்றீடு அல்ல. ஆனால் தோல் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பெற்றோர் விளங்கிக் கொண்டால், வைத்தியர் தரும் மருந்தின் பயன் கூடும், வீட்டில் நாம் நல்லெண்ணத்துடன் செய்யும் பல தீங்குகளும் குறையும்.

செங்கல்லும் சாந்தும்

எமது தோலின் மிக வெளிப்புறத்தில் இறந்த கலங்களாலான ஒரு படை இருக்கிறது. உள்ளங்கை, உள்ளங்கால் தவிர்ந்த பெரும்பாலான இடங்களில் அதன் தடிப்பு 10 முதல் 20 மைக்ரோமீற்றர் வரைதான். பிள்ளைகளின் கொப்பித் தாளின் தடிப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக் கொள்ளலாம். இவ்வளவு மெல்லிய இந்தப் படைதான் உடலின் நீர் ஆவியாகி வெளியேறாமல் தடுக்கிறது. தூசு, கிருமி, சவர்க்காரம், ஒவ்வாமையூட்டும் பொருட்கள் ஆகியன உள்ளே நுழையாமல் காப்பதும் இதுவே.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோல் ஆய்வாளர் பீற்றர் இலியாஸ் 1980களில் இந்தப் படையை ஒரு சுவராக விளக்கினார். இறந்து தட்டையாகிப்போன கலங்கள் செங்கற்கள். அவற்றுக்கிடையே நிரம்பியிருக்கும் கொழுப்புகள் சாந்து. எமது விஞ்ஞானப் பாடநூல்கள் இவற்றை இலிப்பிட்டுகள் என்று சொல்லும். சுவர் கட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு மீதியைச் சொல்லத் தேவையில்லை. செங்கல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சாந்து உதிர்ந்தால் சுவர் ஒழுகும்.

இந்தச் சாந்தில் மூன்று வகைக் கொழுப்புகள் உள்ளன. நிறையின்படி ஏறக்குறைய பாதி செரமைட்டுகள், கால் பங்களவு கொலஸ்ட்ரோல், மீதியில் பெரும் பகுதி கொழுப்பமிலங்கள். இரத்தத்தில் கூடினால் நாம் பயப்படும் அதே கொலஸ்ட்ரோல், தோலில் இல்லாவிட்டால் சுவர் நிற்காது. இந்த மூன்றும் தாள்களை அடுக்கியது போல அடுக்கடுக்காக அமைந்திருப்பதால்தான் நீர் அவற்றைக் கடக்கச் சிரமப்படுகிறது.

இந்தக் கொழுப்புகளை முகத்தில் வழியும் எண்ணெயுடன் குழப்பிக் கொள்ளக் கூடாது. முகத்தில் வழிவது எண்ணெய்ச் சுரப்பிகளிலிருந்து வருவது, வாலிப வயதில் பருக்களுடன் தொடர்புபட்டது. சுவரின் சாந்தோ மேற்றோலின் கலங்களுக்குள்ளேயே தயாராகிறது. கலங்கள் கீழிருந்து மேலே நகர்ந்து இறக்கும் தறுவாயில், சிறிய பொதிகளில் அடைத்து வைத்திருந்த கொழுப்புகளை வெளியே கொட்டுகின்றன. அங்குள்ள நொதியங்கள் அவற்றை இறுதி வடிவத்துக்கு மாற்றுகின்றன. இந்த நொதியங்களில் முக்கியமானவை இலேசான அமிலத்தன்மையில்தான் நன்றாக வேலை செய்யும். ஆரோக்கியமான தோலின் பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரை இருப்பதற்கு இதுவும் ஒரு பயன். சாதாரண கட்டிச் சவர்க்காரத்தின் பீ.எச். 9 முதல் 10 வரை இருக்கும். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்திருங்கள், பின்னர் தேவைப்படும்.

எலிகளும் டாக்காவின் குழந்தைகளும்

தோலின் கொழுப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு முதல் தடயம் எதிர்பாராத ஓரிடத்திலிருந்து கிடைத்தது. 1929இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் பர், மில்ட்ரட் பர் என்ற தம்பதியினர் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவைக் கொடுத்து வளர்த்தார்கள். மற்ற எல்லாச் சத்தும் இருந்தும் அந்த எலிகளின் தோல் செதில் செதிலாக உரிந்தது, முடி உதிர்ந்தது, வளர்ச்சி நின்றது. அவை நிறையத் தண்ணீர் குடித்தன, ஆனால் அதற்கேற்ப சிறுநீர் கழிக்கவில்லை. அந்த நீர் ஒழுகும் தோலின் வழியே ஆவியாகிப் போய்க் கொண்டிருந்தது என்பது பின்னர் விளங்கியது. லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்தைச் சிறிதளவு கொடுத்ததும் எலிகள் தேறின. எமது உடலும் இதனைத் தானாக உற்பத்தி செய்யாது, உணவிலிருந்துதான் பெற வேண்டும். சுவரின் மிக முக்கியமான செரமைட்டுகளில் ஒரு வகை இந்த அமிலத்தைக் கொண்டே கட்டப்படுகிறது.

இரண்டாவது தடயம் எமக்கு அருகிலுள்ள பங்களாதேஷிலிருந்து வந்தது. 33 வாரங்களுக்கு முன்னரே பிறக்கும் குழந்தைகளின் தோலில் இந்தச் சுவர் இன்னும் கட்டி முடிக்கப்பட்டிருக்காது. கிருமிகள் தோல் வழியாகவே இரத்தத்தில் நுழையும் ஆபத்து அதிகம். டாக்காவின் சிசு வைத்தியசாலையில் இத்தகைய 497 குழந்தைகளை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு சூரியகாந்தி எண்ணெயும் இன்னொரு குழுவுக்கு பெட்ரோலியம் அடங்கிய களிம்பும் பூசினார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் பூசவில்லை. 2005இல் வெளியான முடிவின்படி, சூரியகாந்தி எண்ணெய் பூசப்பட்ட குழந்தைகளுக்கு வைத்தியசாலையில் கிருமித் தொற்று ஏற்படும் வாய்ப்பு 41 வீதம் குறைவாக இருந்தது. 2008இல் வெளியான ஆய்வறிக்கை, எண்ணெய் பூசியோரில் இறப்பு 26 வீதமும் களிம்பு பூசியோரில் 32 வீதமும் குறைந்ததாகக் காட்டியது.

சூரியகாந்தி எண்ணெயில் லினோலெயிக் அமிலம் நிறைய இருப்பது அதனைத் தெரிவு செய்ததற்கு ஒரு காரணம். இதனை வாசித்துவிட்டு, மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைக்கு வீட்டில் சமையல் எண்ணெய் பூச வேண்டாம். அது வைத்தியர்களின் மேற்பார்வையில் செய்யப்பட்ட ஒன்று. நான் சொல்ல வருவது, தோலின் கொழுப்பு அழகு சம்பந்தப்பட்ட விடயம் மட்டுமல்ல, சில வேளைகளில் உயிர் சம்பந்தப்பட்டது என்பதே.

எக்ஸிமாவில் நடப்பது என்ன?

1991இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எக்ஸிமா உள்ளவர்களின் தோலில் செரமைட்டுகள் குறைந்திருப்பதைக் கண்டறிந்தார்கள். புண்பட்ட இடத்தில் மட்டுமல்ல, பார்வைக்கு நல்லதாகத் தெரிந்த இடத்திலும் குறைவு இருந்தது. 2006இல் ஸ்கொட்லாந்தின் டண்டிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இர்வின் மக்லீனின் குழு, பிலாக்ரின் என்ற புரதத்தை உருவாக்கும் பரம்பரை அலகில் உள்ள குறைபாடு எக்ஸிமாவுக்கான வலுவான காரணிகளில் ஒன்று என்று காட்டியது. பிலாக்ரின் செங்கல்லுக்கு உறுதியைத் தருகிறது. அது சிதையும் போது உருவாகும் பொருட்கள் தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. ஆக, சிலரில் செங்கல் பலவீனம், சிலரில் சாந்து குறைவு, பலரில் இரண்டும்.

சுவர் ஒழுகினால் இரண்டு விடயங்கள் நடக்கும். முதலாவது, நீர் வெளியேறித் தோல் வறண்டு வெடிக்கும். இரண்டாவது, வெளியிலுள்ளவை உள்ளே புகும். கீழே காவலிருக்கும் நிர்ப்பீடனக் கலங்கள் இதனை ஒரு தாக்குதலாக எடுத்துக் கொண்டு அழற்சியைத் தூண்டும். அதனால் கடி எடுக்கும், பிள்ளை சொறியும். சொறியும் நகம் மீதமிருக்கும் சாந்தையும் பெயர்த்துவிடும்.

கதை இத்துடன் முடிவதில்லை. அழற்சியின் போது நிர்ப்பீடனக் கலங்கள் வெளியிடும் சில இரசாயனத் தூதுகள், மேற்றோல் கலங்கள் செரமைட்டையும் பிலாக்ரினையும் உற்பத்தி செய்வதைக் குறைத்துவிடுகின்றன. அதாவது தீ மூண்டதும் மேசன்மார் வேலையை விட்டு ஓடுகிறார்கள். சுவர் உடைந்ததால் தீ, தீயினால் சுவர் மேலும் உடைகிறது. சிலருக்கு இந்தச் சக்கரம் சுவரின் பக்கமிருந்தும், சிலருக்கு நிர்ப்பீடனத்தின் பக்கமிருந்தும் தொடங்கலாம். எங்கிருந்து தொடங்கினாலும் சுற்றத் தொடங்கிய பின் இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். கிறீம் மட்டும் பூசி மருந்தை விடுவதும், மருந்து மட்டும் பூசி கிறீமை விடுவதும் பலருக்குக் கைகொடுக்காமல் போவதற்குக் காரணம் இதுவே.

இந்தத் தோலில் ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற பற்றீரியா எளிதில் குடியேறும். ஆரோக்கியமான தோலின் அமிலத்தன்மையும் கொழுப்புகளும் அதனை அடக்கி வைத்திருக்கும். அவை குறைந்ததும் அது பெருகி அழற்சியைக் கூட்டும். பிள்ளை அசுத்தமாக இருந்ததால் இது வரவில்லை. உடைந்த சுவர் அதற்கு இடம் கொடுத்தது.

எக்ஸிமா தொற்றாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆனால் தொற்றும் சொறி ஒன்றும் இருக்கிறது. விரல் இடுக்குகளிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் சிறு சிறு பருக்கள், இரவில் தாங்க முடியாத கடி, வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் என்றிருந்தால் அது உண்ணியால் வரும் சிரங்காக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு, வீட்டிலுள்ள அனைவருக்கும் ஒரே தடவையில் பூச வேண்டும். எனவே முதலில் வைத்தியரிடம் காட்டி இது எது என்று உறுதிப்படுத்திக் கொள்ளுங்கள்.

கிரந்திச் சாப்பாடு என்ற பயம்

உணவு ஒவ்வாமை என்பது பொய்யல்ல. குறிப்பாகக் கடுமையான எக்ஸிமா உள்ள கைக்குழந்தைகளில் அது அதிகம். குறித்த ஓர் உணவைச் சாப்பிட்ட உடனேயோ, இரண்டு மணித்தியாலத்துக்குள்ளோ தடிப்பு, உதடு வீங்குதல், வாந்தி, மூச்சுத் திணறல் ஏற்பட்டால் அதனை வைத்தியர் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் எந்தச் சோதனையும் இல்லாமல் முட்டை, பால், மீன், இறால், தக்காளி, கத்தரிக்காய் என்று ஒவ்வொன்றாக நிறுத்திக் கொண்டே போவது வேறு விடயம். வளரும் பிள்ளையின் சத்து குறையும், எக்ஸிமாவோ அப்படியே இருக்கும்.

இங்கு நாம் நம்பிய திசைக்கு எதிரான ஓர் உண்மையும் வெளிவந்திருக்கிறது. உணவு ஒவ்வாமைதான் தோலைக் கெடுக்கிறது என்று நினைத்திருந்தோம். பல பிள்ளைகளில் கெட்ட தோல்தான் உணவு ஒவ்வாமையை உருவாக்குகிறது. 2003இல் பேராசிரியர் கிடியன் லாக்கின் குழு பிரித்தானியப் பிள்ளைகளை ஆராய்ந்தது. நிலக்கடலை எண்ணெய் கலந்த கிறீம்கள் அழற்சியுள்ள தோலில் பூசப்பட்டதற்கும், பின்னர் நிலக்கடலை ஒவ்வாமை ஏற்பட்டதற்கும் தொடர்பிருப்பது தெரியவந்தது. ஒழுகும் தோல் வழியாக உணவுப் புரதம் நுழையும் போது உடல் அதனை எதிரியாகப் பதிவு செய்கிறது. வாய் வழியாக உரிய வயதில் வரும் அதே உணவை உடல் பெரும்பாலும் ஏற்றுக் கொள்கிறது. அதே குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான எக்ஸிமா அல்லது முட்டை ஒவ்வாமை உள்ள கைக்குழந்தைகளுக்குச் சிறு வயதிலிருந்தே நிலக்கடலை உணவு கொடுத்ததில், 5 வயதாகும் போது அந்த ஒவ்வாமை ஐந்தில் நான்கு பங்கு குறைந்திருந்தது.

கைக்குழந்தைக்கு முழுக் கடலை கொடுப்பது ஒருபோதும் கூடாது, தொண்டையில் அடைத்துவிடும். கடும் எக்ஸிமா உள்ள குழந்தைக்கு எதை எப்போது தொடங்குவது என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். ஆனால் பயத்தினால் உணவை மறைத்து வைப்பது பாதுகாப்பு என்று இனியும் நம்ப வேண்டியதில்லை.

தேய்க்கத் தேய்க்கப் போவது சாந்துதான்

சவர்க்காரத்தின் வேலையே கொழுப்பைக் கரைத்து எடுப்பது. சட்டியில் ஒட்டிய எண்ணெய்க்கும் தோலின் சாந்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. அத்துடன் அதன் பீ.எச். தோலின் அமிலத்தன்மையைக் குலைப்பதால், புதிய சாந்தைத் தயாரிக்கும் நொதியங்களும் மந்தமாகின்றன. ஆரோக்கியமான தோல் இதனைச் சில மணித்தியாலங்களில் சமாளித்துக் கொள்ளும். எக்ஸிமாத் தோலுக்கு அந்த வசதி இல்லை. கிருமி போகட்டும் என்று குளிக்கும் நீரில் கிருமிநாசினித் திரவத்தை ஊற்றுவதும், நாரால் தேய்ப்பதும், தேசிக்காயும் உப்பும் பூசுவதும் சுவரை இடிக்கும் வேலைகள்.

குளிப்பதை நிறுத்தத் தேவையில்லை. வியர்வையும் தூசும் கடியைக் கூட்டும் என்பதால் எமது காலநிலையில் தினமும் குளிப்பது நல்லதே. ஐந்து அல்லது பத்து நிமிடம், அதிகச் சூடில்லாத நீர் போதும். சவர்க்காரத்துக்குப் பதிலாக வாசனையில்லாத, மென்மையான கழுவும் திரவம் கிடைத்தால் பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் கக்கம், அடிப்பகுதி, பாதம் ஆகியவற்றுக்கு மட்டும் சவர்க்காரத்தைப் போட்டு மற்ற இடங்களை நீரால் கழுவலாம். குளித்ததும் துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முற்றாகக் காயும் முன்னர் கிறீமைப் பூச வேண்டும்.

ஐவேளை வுழூச் செய்வதால் தோல் கெடுமா என்று சிலர் கேட்பதுண்டு. வுழூ வெறும் நீரினால் செய்யப்படுவது. சவர்க்காரம் போலக் கொழுப்பைக் கரைத்துக் கொண்டு போகும் ஆற்றல் நீருக்கு இல்லை. ஆனால் அடிக்கடி நனைந்து காற்றில் தானாகக் காயும் தோல் வறட்சியடையும். ஆகவே வுழூச் செய்த பின்னர் ஒற்றித் துடைத்து, கை கால்களில் சிறிது கிறீமைப் பூசிக் கொள்வது நல்ல பழக்கம். எமது உம்மாமாரின் கைகள் வெடிப்பதற்கு வுழூவை விட, நாளெல்லாம் சட்டி பானை கழுவும் திரவமும் சலவைத் தூளும்தான் பெரிய காரணம். அதற்கு உள்ளே துணி வைத்த இறப்பர் கையுறை உதவும்.

புதிதாகப் பிறந்த குழந்தையின் உடலில் இருக்கும் வெண்ணிறப் பூச்சையும் அவசரமாகக் கழுவித் தேய்க்க வேண்டாம். அதுவும் கொழுப்பும் நீரும் கொண்ட ஒரு பாதுகாப்புப் படையே. முதற் குளிப்பைப் பிறந்து 24 மணித்தியாலம் வரை தாமதப்படுத்துமாறு உலக சுகாதார ஸ்தாபனம் பரிந்துரைக்கிறது.

எதைப் பூசுவது?

நல்லெண்ணத்துடன் நாம் பூசும் எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. ஸைத்தூன் எண்ணெய் என்று நாம் மதிக்கும் ஒலிவ எண்ணெய் உணவாகச் சிறந்தது. ஆனால் அதில் ஒலெயிக் அமிலம் மிக அதிகம். அது சுவரின் கொழுப்பு அடுக்குகளைக் குலைக்கக் கூடியது. 2013இல் பிரித்தானியாவின் ஷெபீல்டில் வளர்ந்தோர் மீது செய்யப்பட்ட ஓர் ஆய்வில், சில வாரங்கள் ஒலிவ எண்ணெய் பூசிய தோலின் உறுதி குறைந்து இலேசான சிவப்பும் ஏற்பட்டது. சூரியகாந்தி எண்ணெய் அவ்வாறு செய்யவில்லை. எனவே எக்ஸிமா உள்ள பிள்ளைக்கும் கைக்குழந்தைக்கும் ஒலிவ எண்ணெய் தேய்ப்பதைத் தவிர்ப்பது நல்லது. கடுகெண்ணெயும் எலிகளில் சுவர் மீள்வதைத் தாமதப்படுத்தியது.

எமது நாட்டின் தேங்காய் எண்ணெய்க்கு ஓரளவு நல்ல செய்தி உண்டு. பிலிப்பைன்ஸில் எக்ஸிமா உள்ள 117 பிள்ளைகளிடம் 8 வாரங்கள் செய்யப்பட்டு 2014இல் வெளியான ஆய்வில், சுத்தமான உருக்காத தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெயை விடச் சிறந்த பலன் தந்தது. இது ஒரு சிறிய ஆய்வுதான். வாசனையும் மூலிகையும் கலந்த கூந்தல் எண்ணெய்களுக்கு இது பொருந்தாது.

விலை கூடிய செரமைட் கிறீம் வாங்க வசதியில்லையே என்று கவலைப்படும் பெற்றோருக்கு இன்னொரு செய்தி. பிரித்தானியாவில் 550 பிள்ளைகளிடம் லோஷன், கிறீம், ஜெல், களிம்பு ஆகிய நான்கு வகைகளையும் ஒப்பிட்டு 2022இல் வெளியான ஆய்வில், எந்த வகையும் மற்றதை விடச் சிறந்ததாக இருக்கவில்லை. பிள்ளை பூச மறுக்காத ஒன்றை, ஒழுங்காக, போதியளவு பூசுவதுதான் முக்கியம். வாசனையில்லாத சாதாரண பெட்ரோலியம் ஜெலியே மலிவானதும் நம்பகமானதும் ஆகும். வெயில் காலத்தில் அது பிசுபிசுக்கும் என்பதால் பகலில் கிறீமும் இரவில் ஜெலியுமாகப் பூசலாம். பெட்ரோலியம், பரபின் ஊறிய உடுப்பு எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அடுப்படியில் கவனம் தேவை.

அளவு விடயத்தில்தான் நாம் பெரும்பாலும் தவறுகிறோம். ஒரு சிறிய டியூப்பை மாதக் கணக்கில் வைத்திருப்போம். பிரித்தானிய வழிகாட்டிகள் எக்ஸிமா உள்ள பிள்ளைக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை சொல்கின்றன. எல்லோராலும் அந்த அளவு முடியாது போகலாம், ஆனால் நாளுக்கு இரு தடவையாவது உடல் முழுவதும் பூச வேண்டும் என்பதை அது உணர்த்துகிறது. போத்தலுக்குள் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுங்கள். அக்குவஸ் கிறீம் என்ற பெயரில் விற்பனையாகும் கிறீமைப் பூசி அப்படியே விட வேண்டாம். அதன் சில தயாரிப்புகளில் சவர்க்காரத் தன்மையுள்ள ஒரு பொருள் இருப்பதால் பிள்ளைகளின் தோலில் எரிச்சல் ஏற்படலாம் என்று பிரித்தானிய மருந்து ஒழுங்குபடுத்தல் நிறுவனம் 2013இல் எச்சரித்தது.

பிறந்தது முதல் கிறீம் பூசினால் எக்ஸிமா வராமல் தடுக்கலாம் என்ற எதிர்பார்ப்பும் ஒரு காலத்தில் இருந்தது. 2020இல் பிரித்தானியாவிலும் நோர்வே, சுவீடனிலும் செய்யப்பட்ட பெரிய ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. கிறீம் வந்ததைக் கட்டுப்படுத்தும். வராமல் தடுக்கும் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

ஸ்டீரொயிட்: பயமும் அலட்சியமும்

அழற்சி என்ற தீ மூண்டிருக்கும் போது சாந்து பூசி மட்டும் பயனில்லை, முதலில் தீயை அணைக்க வேண்டும். அதற்கே வைத்தியர்கள் ஸ்டீரொயிட் களிம்பைத் தருகிறார்கள். உரிய வலிமையில், உரிய இடத்தில், உரிய நாட்களுக்குப் பூசினால் அது பாதுகாப்பானது. வளர்ந்தவரின் சுட்டு விரலின் முதல் மடிப்பு வரை பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரைக் கிராம். அது விரல்களுடன் சேர்த்து இரண்டு கையளவு இடத்துக்குப் போதுமானது. பயத்தில் கடுகளவு பூசுவதும் பலன் தராது.

மறுபக்கம், வைத்தியரைக் காணாமலே கடுமையான ஸ்டீரொயிட் கலந்த களிம்பை வாங்கி மாதக் கணக்கில், அதுவும் முகத்தில் பூசுவது ஆபத்தானது. நீண்ட காலம் பூசிய ஸ்டீரொயிட் தோலை மெலிய வைக்கும், தோலின் கொழுப்பு உற்பத்தியையும் குறைக்கும். எதைச் சரிசெய்ய வாங்கினோமோ அதையே கெடுக்கும். கல்யாண வயதுப் பெண் பிள்ளைகளுக்கு வாங்கும் வெளுப்பாக்கும் கிறீம்கள் சிலவற்றில் இதே ஸ்டீரொயிட்டோ பாதரசமோ இரகசியமாகச் சேர்க்கப்பட்டிருப்பது உலகின் பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. உள்ளடக்கம் எழுதப்படாத கிறீம் எதுவும் வீட்டுக்குள் வர வேண்டாம்.

மஞ்சள் நிறப் பொருக்கு, சீழ், காய்ச்சல் இருந்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் செல்லுங்கள். நோவுடன் சிறு கொப்புளங்கள் கூட்டமாகத் திடீரெனத் தோன்றினால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

பாடசாலை செய்யக் கூடியவை

வகுப்பில் சொறிந்து கொண்டே இருக்கும் பிள்ளையை நாம் கவனமில்லாத பிள்ளை என்று எண்ணி விடுகிறோம். இரவில் மூன்று நான்கு தடவை கடியால் விழித்த பிள்ளைக்குக் காலை முதற் பாடத்தில் கண் சொருகுவது இயல்பு. பக்கத்தில் இருக்க மற்றப் பிள்ளைகள் மறுப்பதும், பெற்றோர் சிலர் வந்து இடத்தை மாற்றச் சொல்வதும் அந்தப் பிள்ளைக்குத் தோலை விட வலிக்கும். இது தொற்றாது என்று ஆசிரியர் வகுப்பில் ஒரு தடவை தெளிவாகச் சொன்னாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பரீட்சைக் காலத்தில் எக்ஸிமா கூடுவதைப் பெற்றோர் சொல்வார்கள். அது வெறும் நினைப்பல்ல. கலிபோர்னியாவில் 27 மாணவர்களை விடுமுறைக்குப் பின்னரும் இறுதிப் பரீட்சையின் போதும் பரிசோதித்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், பரீட்சை நாட்களில் தோலின் சுவர் மீளக் கட்டப்படும் வேகம் குறைந்திருந்தது. மன அழுத்தம் சாந்து பூசும் வேலையையும் தாமதப்படுத்துகிறது. புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பத்து வயதுப் பிள்ளையை நெருக்கும் நாம் இதனையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒரு சிறிய கிறீம் போத்தலைப் பையில் வைத்திருக்க அனுமதிப்பது, விளையாட்டு முடிந்ததும் வியர்வையைக் கழுவி வர ஐந்து நிமிடம் கொடுப்பது, மின்விசிறிக்குக் கிட்ட இருக்க விடுவது, இறுக்கமான நைலோன் உடுப்புக்குப் பதிலாகப் பருத்தி உடுப்பை அனுமதிப்பது ஆகியவற்றுக்குப் பாடசாலைக்கு ஒரு சதமும் செலவாகாது.

எக்ஸிமா உள்ள பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு வயது கூடும் போது அது தணிகிறது. அதுவரையான வருடங்களில் அந்தப் பிள்ளை எப்படித் தூங்கியது, எதைச் சாப்பிட்டது, யாருடன் விளையாடியது என்பவை வீட்டிலும் பாடசாலையிலும் நாம் எடுக்கும் முடிவுகளில் தங்கியிருக்கின்றன. கெட்டுப் போகாத இரத்தத்தைச் சுத்தப்படுத்துவதில் செலவிடும் காலத்தையும் பணத்தையும் சுவருக்குச் சாந்து பூசுவதில் செலவிட்டால், அந்த வருடங்கள் பிள்ளைக்கு இலகுவாகக் கழியும்.